மாத்திரையா, கிரீமா? ஏழு நாள் கணக்கு

முதல் குழந்தை 31 வாரத்திலேயே பிறந்துவிட்டதால், அடுத்த கர்ப்பத்தில் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தார்கள். 20ஆவது வாரத்தில் வெள்ளைப்படுதல், கூடவே மீன் வாடை. பாக்டீரியல் வெஜினோசிஸ், அதாவது பிறப்புறுப்பில் பாக்டீரியா பெருகி வரும் தொற்று என்றார் டாக்டர். மெட்ரோனிடசோல் மாத்திரை, கிளிண்டாமைசின் கிரீம், இரண்டுமே கர்ப்பிணிக்குக் கொடுப்பதுதான். "உனக்கு எது தோதுப்படும், சொல்லும்மா" என்றார். மாத்திரை என்றேன்.

விலையில் மாத்திரை மலிவு. தொற்றைக் குணமாக்குவதில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. நான் பார்த்தது ஒன்றுதான்: ஏழு நாளும் விடாமல் முடிப்பேனா? அறிகுறி குறைந்ததும் பாதியில் நிறுத்துகிற ஆள் நான்.

கிரீமை இரவு படுக்கும்போது குழாய் வைத்து உள்ளே செலுத்த வேண்டும். தையல் இருக்கிற இடம் என்று நினைத்தாலே கை நடுங்கியது. ராத்திரிக்கு நாலு தடவை சிறுநீருக்கு எழுகிறவளுக்கு மருந்து உள்ளே தங்குமா என்ற கவலை வேறு. அந்த எண்ணெய்ப்பசை ஆணுறையைப் பலவீனமாக்குமாம். எங்களுக்குத்தான் உடலுறவுக்கு ஏற்கெனவே தடை உத்தரவு, அதனால் அந்தப் பேச்சே எழவில்லை.

மாத்திரை 500 மி.கி., காலையும் இரவும் சாப்பிட்டபின். மொத்தம் 14: முழு அட்டை ஒன்று, கத்தரித்த நாலு. காலிக் குழிகளை எண்ணினாலே எங்கே நிற்கிறோம் என்று தெரியும். ஆனால் மூன்றாம் நாள் ரசஞ்சாதம்கூடத் துருப்பிடித்த ஆணி மாதிரி இருந்தது. நார்த்தங்காய் ஊறுகாய்தான் காப்பாற்றியது.

டாக்டரிடம் காட்டாமல் கடையில் கேட்டு வாங்கும் வேலை மட்டும் வேண்டாம். தயிர்த் திப்பி போல வெள்ளைப்பட்டு அரித்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. ஆன்டிபயாட்டிக் அதைக் கிளறிவிடும். அதற்கென்று கடைக்காரர் தரும் ஃபுளூகோனசோல் மாத்திரையோ கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது.

இந்தத் தொற்று இருந்தால் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடும். அதை இந்த மருந்து தடுக்குமா? 1995இல் அமெரிக்காவில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு மெட்ரோனிடசோலோடு எரித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தபோது குறைந்தது. 2000இல் அங்கேயே, அறிகுறி இல்லாதவர்களுக்கு மெட்ரோனிடசோலை மட்டும் கொடுத்தபோது குறையவில்லை. பிரான்ஸில் நடந்து 2018இல் வெளியான, கிளிண்டாமைசினை வாய்வழி கொடுத்த ஆய்விலும் பலனில்லை. எனக்கு 37 வாரம் தாண்டியது. தையலாலா, மாத்திரையாலா என்று கேட்டால் தையல் பக்கம்தான் கை காட்டுவேன்.

கிரீமை நான் தொட்டதில்லை. மசக்கை வாந்தியில் தண்ணீர்கூடத் தங்காத என் தங்கைக்கு அதைத்தான் எழுதினார்கள். அவள் ஏழு இரவும் ஒழுங்காக முடித்தாள்.