எச்டிஎம்ஐ-யில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை: இயர்போன் ஜாக்கா, எக்ஸ்ட்ராக்டர் பெட்டியா?

குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் ப்ரொஜெக்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படம் போடுவோம். குறுவை, சம்பா தொடங்கும்போது விவசாயிகள் கூட்டம் நடக்கும். இரண்டு வருஷம் முன்பு, குறுவை நேரத்தில், நேரடி நெல் விதைப்பு பற்றி ஒரு வீடியோ போட ஏற்பாடு. பேச வந்தவர் தன் லேப்டாப்பையே கொண்டுவந்து எச்டிஎம்ஐ வயரைச் செருகினார். திரையில் படம் பளிச்சென்று வந்தது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. காதைத் தீட்டிக் கேட்டால், கூடத்தின் நடுவே தொங்கும் ப்ரொஜெக்டருக்குள் இருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல். எட்டு மின்விசிறி சுற்றும் இடத்தில் அது யாருக்குக் கேட்கும்? முன்வரிசையில் எப்போதும் உட்காரும் பெரியவர் ஒருவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவர் படம் பார்க்க வருவதில்லை, கேட்க வருகிறார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தடியை ஊன்றி எழுந்து போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது.

அதற்கப்புறம் கூடத்துக்கு என்ன வழி சரிப்படும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில், எச்டிஎம்ஐ-யில் இருந்து சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பெட்டியில் நின்றிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

காசு செலவழிக்கும் முன் சத்தம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வயரில் படமும் சத்தமும் சேர்ந்தே போகும். வயரைச் செருகியதும் எதிரே இருக்கும் கருவி, ‘எனக்கு இந்த அளவு படம் தெரியும், இந்த வகை சத்தம் தெரியும்’ என்று கம்ப்யூட்டருக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறது. இடிஐடி என்பது அதுதான். குறிப்பில் சத்தம் இருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் தானாகவே சத்தத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். லேப்டாப் ஊமையாகிவிடும், ப்ரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கர் பேசும். அன்றைக்கு நடந்தது இதுதான். குறிப்பில் சத்தம் இல்லையென்றால், ஸ்பீக்கரே இல்லாத சில ப்ரொஜெக்டர்களில் அப்படித்தான், வயர் வழியே சத்தம் போகவே போகாது.

எது என்று அறிய, கீழே மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, பட்டியலில் ப்ரொஜெக்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ அல்லது என்விடியா ஹை டெஃபனிஷன் ஆடியோ என்பதும் பெயரோடு வரும். இல்லையென்றால் விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் இருக்கும் பழைய சவுண்ட் பகுதியைத் திறந்து, முடக்கிவைத்த கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். யாரோ எப்போதோ முடக்கிவைத்திருப்பார்கள். அதிலும் இல்லையென்றால் ப்ரொஜெக்டரை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் வயரைச் செருகிப் பாருங்கள். விஎல்சி போன்ற ப்ளேயர்களுக்குள் தனியாக ஒரு ஆடியோ தேர்வு உண்டு, அதையும் ஒரு கண் பாருங்கள். பழைய லேப்டாப்பில் இருந்து விஜிஏ வயர் போட்டிருந்தால் தேடவே வேண்டாம். விஜிஏ-வில் சத்தம் போகாது.

இதையெல்லாம் சரிசெய்தாலும் சத்தம் ப்ரொஜெக்டர் வரைக்கும்தான் போய்ச் சேரும். அதை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவருவதுதான் எங்கள் பாடு.

ப்ரொஜெக்டரின் பின்னால் ஆடியோ அவுட் இருந்தால் அதிலிருந்து வயர் இழுக்கலாம். ப்ரொஜெக்டரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே மேசையில் இருக்கும் வகுப்பறைக்கு இது போதும். எங்கள் கூடத்தில் ப்ரொஜெக்டர் நடுவில், ஆம்ப்ளிஃபயர் மேடை மூலையில். 15 மீட்டர் மெல்லிய வயர் மச்சு வழியாகத் திரும்பி வரவேண்டும். வழியெல்லாம் இரைச்சலை வாங்கிக்கொண்டு வந்தது. இரண்டே மாதத்தில் அணில் கடித்தும் வைத்தது. அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது இயர்போன் ஜாக். மலிவு, எல்லோருக்கும் தெரிந்தது, சின்ன இடத்துக்கு இன்னமும் நல்ல வழி. இதில் நான் செய்த தப்பை மட்டும் யாரும் செய்யவேண்டாம். ஒரு பக்கம் இபி பின் (சின்ன இயர்போன் பின்), மறுபக்கம் மூன்று முள் மைக் பின் வைத்த வயரை வாங்கி, மிக்ஸரில் மைக் ஓட்டையில் செருகினேன். படத்தில் பின்னணி இசை ஜோராகக் கேட்டது, பேச்சு மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. படத்தில்தான் கோளாறு என்று இன்னொன்றைப் போட்டேன். அதிலும் அப்படியே. கும்பகோணத்தில் மைக் செட் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனில் சொன்னதும் அவர் யோசிக்கக்கூட இல்லை. “ரெண்டு பி38 வச்ச ஒயர் வாங்குங்க தம்பி. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒரு மைக் பின்னுல அடைக்காதீங்க” என்றார். பி38 என்பது ஆம்ப்ளிஃபயர், மிக்ஸரில் செருகும் தடித்த பின்.

காரணம் எளிதுதான். மைக் ஓட்டை இரண்டு கம்பிகளில் வருவதன் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பேச்சு பெரும்பாலும் இடது வலது இரண்டிலும் ஒரே மாதிரி பதிவாகியிருக்கும், எனவே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மாறுபடும் இசை மட்டும் மிஞ்சும். அந்த மைக் ஓட்டையில் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (சில மைக்குகளுக்கு வயர் வழியே மிக்ஸர் கொடுக்கும் மின்சாரம்) போட்டிருந்தால் லேப்டாப் ஜாக்குக்கே ஆபத்து. பி38 இரண்டையும் லைன் ஓட்டையில் போட்டதும் குரல் நேராக வந்தது.

ஆனால் ஆளுக்கு ஆள் மாறும்போது இது நிற்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முடிவு செய்த விஷயம் இது ஒன்றுதான். எங்கள் கூடத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் சொந்த லேப்டாப்போடு வருகிறார்கள். எச்டிஎம்ஐ ஒன்று, இயர்போன் வயர் ஒன்று என்று இரண்டைச் செருக வேண்டும். செருகினாலும் விண்டோஸ் சத்தத்தை எச்டிஎம்ஐ பக்கமே வைத்திருக்கும். யாராவது ஒருவர் பட்டியலைத் திறந்து மாற்ற வேண்டும். புது லேப்டாப் சிலவற்றில் அந்த ஜாக்கே இல்லை. பழசில் ஜாக் தளர்ந்துபோய், மேசையில் கை பட்டால் ஒரு பக்கம் போய்விடுகிறது. நான் இருந்தால் மாற்றிவிடுவேன். நான் நடவில் இருந்தால்? ஒரு கூட்டத்தின்போது வரப்பில் நின்றுகொண்டு, சேற்றுக் கையோடு, போனில் “கீழ வலது மூலைய தட்டுங்க, இல்ல, அது இல்ல” என்று பதினைந்து நிமிஷம் சொல்லியிருக்கிறேன். கூடத்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

எக்ஸ்ட்ராக்டர் பெட்டி இதைத்தான் தீர்த்தது. தீப்பெட்டிக் கட்டு அளவு இருக்கும். மேடை மேசைக்கு அடியில் திருகி வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் இருந்து ஒரே எச்டிஎம்ஐ வயர் அதற்குள் போகிறது. பெட்டி சத்தத்தைப் பிரித்து இரண்டு அடி தள்ளி இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துவிட்டு, படத்தை ப்ரொஜெக்டருக்கு அனுப்புகிறது. வருகிறவர் ஒன்றைச் செருகினால் போதும். விண்டோஸ் சத்தத்தை எச்டிஎம்ஐ பக்கம் தள்ளும் அதே பழக்கம் இங்கே நமக்கு உதவியாகிறது. டைப்-சி மட்டும் இருக்கும் லேப்டாப்புக்கு ஒரு டைப்-சி எச்டிஎம்ஐ அடாப்டரை மேசையிலேயே கட்டி வைத்திருக்கிறேன், அதிலும் சத்தம் வருகிறது.

பெட்டியில் பாஸ், 2சிஎச், 5.1சிஎச் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வாங்கியவர்கள் பாதிப்பேர் இதைத் தொடாமலே பெட்டியைக் குறை சொல்கிறார்கள். பாஸில் வைத்தால் ப்ரொஜெக்டரின் குறிப்பே லேப்டாப்புக்குப் போகும். ப்ரொஜெக்டர் சத்தம் தெரியாதது என்றால் பெட்டிக்கும் சத்தம் வராது. 2சிஎச்-இல் வைத்தால் பெட்டியே ‘எனக்கு ஸ்டீரியோ தெரியும்’ என்று பதில் சொல்லிவிடும். 5.1-இல் வைத்தால் டால்பி போன்ற சுருக்கிய சத்தத்தை லேப்டாப் அனுப்பக்கூடும். மலிவான பெட்டிகள் அதைப் பிரிக்காது, அப்போது ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பெட்டியின் ஆடியோ ஓட்டையில் மௌனம்தான். எங்கள் பெட்டியை 2சிஎச்-இல் வைத்து, சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிட்டேன். ப்ரொஜெக்டரின் வால்யூமை பூஜ்யத்தில் வையுங்கள். இல்லையென்றால் அதுவும் சேர்ந்து பேசும்.

குறைகளும் உண்டு. பெட்டிக்குத் தனியாக 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். அந்த அடாப்டர் படுத்தால் சத்தத்தோடு படமும் போய்விடும். கட்டணத் தளங்களில் இருந்து படம் போடுகிறவர்கள் எச்டிசிபி (படத்தைத் திருட்டு நகல் எடுக்கவிடாத பூட்டு) ஆதரவு உண்டா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் திரை கறுத்துவிடும். விலை எனக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆனது. நான் கையாண்டது இரண்டு பெட்டிதான், அதிலும் ஒன்றை ஒன்றரை வருஷமாக. ஐந்து வருஷம் தாங்குமா என்று கேட்டால் அடித்துச் சொல்லமாட்டேன்.

இரைச்சல் இரண்டு வழியிலும் வரும். விர்ரென்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியில் சுற்றுகிறது என்று அர்த்தம். லேப்டாப், பெட்டி, ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் ஒரே பலகையில் இருந்து மின்சாரம் எடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (அந்தச் சுற்றை அறுத்து, சத்தத்தை மட்டும் விடும் சின்னக் கருவி) போடுங்கள். எங்களுக்கு அதில் நின்றது. எர்த் முள்ளை வெட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஐப்பசி மழையில் சுவரே ஈரம் கோத்து நிற்கிற ஊர் நம்முடையது. மைக்கைப் பிடிப்பது ஒரு பிள்ளையின் கையாக இருக்கும்.

யுஎஸ்பி சவுண்ட் கார்டு தன் ஜாக் போனவருக்கு நல்லது, கூடத்துக்கு அல்ல. அதையும் ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ப்ளூடூத்தில் உதடு அசைந்த பிறகு குரல் வருகிறது. பாட்டுக்குப் பரவாயில்லை, பேச்சுக்கு ஆகாது.

சொந்த வீட்டில், ஒரே லேப்டாப் என்றால் நான் பெட்டி வாங்கச் சொல்லமாட்டேன். ஜாக்கும் இரண்டு பி38-ம் போதும். எங்கள் கூடத்திலும் அந்த வயரை வீசிவிடவில்லை. சுருட்டி, மேடைப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். பெட்டி படுத்த அன்றைக்கு ப்ரொஜெக்டர் வயரை நேராக லேப்டாப்பில் செருகி, இதையும் போட்டு, மூலையில் சத்தத்தை மாற்றினால் கூட்டம் நடந்துவிடும். எந்த ஓட்டையில் எது என்று ஒரு அட்டையில் எழுதி அதே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.