வெயிலில் நின்றுபோகும் பழைய காருக்கு ஜெலுத்தோங்கில் ஒரு நல்ல பட்டறை

1990களில் வந்த காரை இன்னும் விடாமல் ஓட்டுபவர்கள் பினாங்கில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மதிய வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் திடீரென்று அணைந்து, அரை மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் கிளம்புகிறதா? ஜெலுத்தோங்கில் அண்ணன் தம்பி இருவர் நடத்தும் சின்னப் பட்டறைக்கு அதைக் கொண்டுபோங்கள்.

என்னுடையது 1995ஆம் ஆண்டின் ஜப்பானிய கார், அப்பா ஆசையாக வாங்கியது. காலையில் பெருநிலத்தில் இருக்கும் பிறையிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நாளெல்லாம் வெயிலில் நின்ற காரை எடுத்துக்கொண்டு மாலையில் திரும்பும்போதுதான் தொல்லை. 13.5 கிலோமீட்டர் நீளமான பாலத்தின் மேல், பின்னால் லோரிகள் நெருக்கிக்கொண்டு வரும் நேரத்தில் இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிரேக்கும் ஓரிரு முறை மிதித்தபின் கெட்டியாகிவிடும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகவே பயந்தேன்.

முன்பு போன பட்டறைகளில் ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், பேட்டரி என்று மாற்றிக்கொண்டே போனார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் கார் ஆறிவிடும், நன்றாகவே ஓடும். வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்றார் ஒருவர். கார்புரேட்டர் கார்களுக்கு அது பொருந்தும். என் காரைப் போன்ற இன்ஜெக்‌ஷன் காரில் டாங்கிக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலை அழுத்தத்தோடு தள்ளுகிறது; மிஞ்சியது டாங்கிக்கே திரும்புகிறது. ஆவி தேங்குவது அரிது. இதை எனக்குப் பொறுமையாக விளக்கியவர் ஜெலுத்தோங் பட்டறையின் மூத்தவர்தான்.

அவர் முதலில் பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்விகள்தான் கேட்டார். "தங்கச்சி, இருமி இருமி நிற்கிறதா, விளக்கை அணைத்ததுபோல் நிற்கிறதா? கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறதா, வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்குகிறதா?" சட்டென்று விழுந்தால் பெரும்பாலும் தீப்பொறிப் பக்கத்துக் கோளாறு, மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த முறை நின்றதும் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், பின்னிருக்கைப் பக்கம் காது கொடுக்கச் சொன்னார். பம்ப் இரண்டு விநாடி முனக வேண்டும். என் காரில் அந்தச் சத்தம் வரவில்லை.

பிறகு செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரை வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றி, நண்பகல் வெயிலில் நிறுத்தினார்கள். மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் சாதாரணம். பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரையும் பம்ப் வயரில் ஒரு சோதனை விளக்கையும் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். கார் அணைந்தபோது தீப்பொறி இருந்தது. சோதனை விளக்கு எரியவில்லை. அங்கிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி வந்தால், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ரிலேவுக்குள், அதாவது பம்புக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுக்குள், மின்சாரம் போகிறது, வெளியே வரவில்லை.

அதோடு விட்டுவிடவில்லை. ரிலே ஆறியதும் இன்ஜினை ஓடவிட்டு, முடி உலர்த்தும் கருவியால் ரிலேவை மட்டும் சூடாக்கினார் தம்பி. சிறிது நேரத்தில் இன்ஜின் நின்றது. ஆறவைத்ததும் கிளம்பியது. என் கண் முன்னால் மறுபடியும் செய்து காட்டினார். ரிலேவைத் திறந்து உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். ஈயம் வைத்துப் பற்றவைத்த இடத்தில், கம்பியைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட விரிசல். சூட்டில் அது விலகுகிறது, ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்கிறது. ஆறிய காரில் எவ்வளவு தேடினாலும் இந்தக் கோளாறு அகப்படாது. கோளாறு எது என்று உறுதியாகும்வரை ஒரு பொருளைக்கூட மாற்றாத பட்டறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மறுபடி ஈயம் வைத்தும் சரிசெய்யலாம் என்றார்கள். நான் புது ரிலேயே கேட்டேன். சோதனைக் கூலி, ரிலே எல்லாம் சேர்த்து 210 ரிங்கிட். அதற்குமுன் மாற்றிய பேட்டரியின் விலைகூட இதைவிட அதிகம். இப்போது மதியத்திலும் பாலத்தில் தயக்கமில்லாமல் போகிறேன்.

குறைகளும் உண்டு. காரை விட்டுவிட்டு வந்தால் அவர்களாக அழைத்துச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். என்னென்ன சோதித்தார்கள் என்று எழுதித் தருவதும் இல்லை. பில்லில் ஒரே வரிதான். இவ்வளவு நுணுக்கமாக வேலை செய்பவர்கள் அதையும் எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை கார் யார் கைக்குப் போனாலும் உதவும். உட்கார இடமும் குறைவு.

போவதானால் மதியம் 12 மணிக்கு மேல், கார் சூடாக இருக்கும்போதே போங்கள். எப்போது நின்றது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது, பம்ப் சத்தம் கேட்டதா என்று குறித்துக்கொண்டு போனால் அவர்கள் வேலை பாதியாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.