அட்லஸா, ஐபேடா, நடையா? எந்த வயதுப் பிள்ளைக்கு எந்த வழியில் புவியியல்

சிங்கப்பூரில், உயர்நிலைப் பள்ளியில் பல வருஷம் புவியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பிள்ளைகளும் எங்கள் புளோக்கில் இருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளும் வீட்டுக்குப் படிக்க வருகிறார்கள். தொடக்கநிலை மூன்று (ஒன்பது வயது) முதல் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக்கல்லூரி வரை எல்லா வயதும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்காரும். பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அட்லஸ் வாங்கணுமா, ஐபேடிலேயே எல்லாம் இருக்குதா?" பிள்ளையை வெளியே கூட்டிப் போய்க் காட்டுவது என்று மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. மூன்றையும் வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தவள் என்ற முறையில், எந்த வயதில் எது எடுபடுகிறது என்று சொல்கிறேன்.

தொடக்கநிலையில் நடைதான் முதலிடம். போட்டியே இல்லை. அங்கே புவியியல் என்று தனிப் பாடம் கிடையாது. சோஷியல் ஸ்டடீஸ் பாடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வரும். தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் நான்குதான் என்பதால் வீட்டிலும் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது வருத்தம்தான். ஆனால் தேர்வு இல்லாததே ஒரு வசதி, அவசரமில்லாமல் நடக்கலாம்.

போன மாதம் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனபோது அக்கா மகனையும் கூட்டிப் போனேன். பஃப்ளோ ரோடு பெயர்ப்பலகைக்குக் கீழே நிறுத்தி, "எருமை எங்கேடா?" என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்தான். அப்புறம் பக்கத்துத் தெருவின் பலகையைப் படித்தான்: கெர்பாவ் ரோடு. "சித்தி, கெர்பாவ்னா மலாயிலே எருமை! எதிர் வீட்டு மலாய் ஆன்ட்டி சொல்லியிருக்காங்க." அவ்வளவுதான், பாடம் தானாகத் தொடங்கிவிட்டது. இந்த இடத்தில் அந்தக் காலத்தில் ஏன் மாட்டுத் தொழில் வந்தது? தாழ்வான நிலம், பக்கத்தில் ரோச்சோர் ஆறு, தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லை. மாடு வந்ததும் அதை நம்பித் தொழில் செய்த நம் ஆட்கள் வந்தார்கள், அவர்கள் பின்னால் கடைகளும் கோவில்களும் வந்தன. தேக்கா என்ற பெயரே ஹொக்கியன் என்ற சீன மொழியில் மூங்கிலடி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்றபோது, மூங்கில் எங்கே நின்றிருக்கும் என்று தேட ஆரம்பித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் வரையச் சொன்னேன். அவன் வரைந்ததில் மீன் கடை எம்ஆர்டி ரயில் நிலையத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதைத் திருத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த வயதில் மனதுக்கு எது பெரிதோ அதுதான் தாளிலும் பெரிது. அளவு, திசை எல்லாம் பிறகு வரும். இதே வயதில் அட்லஸைக் கையில் கொடுத்தால் தலைநகரங்களை மனப்பாடம் செய்வார்கள், ஐபேடைக் கொடுத்தால் பூமி உருண்டையைச் சுழற்றிச் சுழற்றி விளையாடுவார்கள். இரண்டுமே தவறில்லை. ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அதில் கற்க ஒன்றுமில்லை.

உயர்நிலை ஒன்று, இரண்டில்தான் உண்மையான போட்டி, காகிதத்துக்கும் திரைக்கும். இங்கே புவியியல் பெரும்பாலானோருக்கு உண்டு. 2024 முதல் ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று கடின நிலைகளாகப் பாடவாரியாகப் பிரித்திருந்தாலும் நான் சொல்லப்போகும் சிக்கல் மூன்றுக்கும் பொது. கைபேசி வரைபடத்தில் நீலப் புள்ளி ஒன்று "நீ இங்கே இருக்கிறாய்" என்று சொல்லிவிடுகிறது. பிள்ளை திரும்பினால் படமும் கூடவே திரும்புகிறது. வடக்கு எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கினால் தூரம் பற்றிய உணர்வும் போய்விடும். காகிதத்தில் 1:50,000 என்றால் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், அது மாறாது. அங் மோ கியோவிலிருந்து தோ பாயோவுக்குப் போகும் சாலைமேல் தையல் நூலை வளைத்து வளைத்து வைத்து, பிறகு நூலை நீட்டி அடிக்கோலில் அளக்கும் பிள்ளைக்கு அந்தத் தூரம் மறக்காது. ஆகவே இந்த வயதுக்கு என் ஓட்டு காகிதத்துக்கே.

வரைபடத்தில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் இதற்கு நல்ல உதாரணம். நம் ஊரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். வீவக என்னும் அரசு வீட்டு வாரியத்தின் அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைக்கு உயரம் என்றால் மின்தூக்கியின் எண். அவர்களிடம் திரையில் முப்பரிமாண மலையைக் காட்டினால் "ஓ அழகு" என்பார்கள், அடுத்த நிமிஷம் கோடுகளைக் கொடுத்தால் திணறுவார்கள். நான் செய்வது இது. பெரிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை நீளவாக்கில் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவேன். கிழங்கு மிதக்கப் பார்க்கும், ஒருவர் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் தொடும் விளிம்பில் கத்தி முனையால் சுற்றிலும் ஒரு கீறல். மறுபடி ஒரு சென்டிமீட்டர், மறுபடி ஒரு கீறல். தண்ணீரை வடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் வளையத்துக்குள் வளையம். கிழங்கு செங்குத்தாகச் சரியும் பக்கத்தில் வளையங்கள் நெருங்கியிருக்கும், மெல்லச் சரியும் பக்கத்தில் விலகியிருக்கும். ஏன் என்று நான் சொன்னதே இல்லை. பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த வயதில் நடைக்கு இரண்டாம் இடம். வரைபடம் படிக்கத் தெரிந்த பிறகு போனால்தான் அதற்குப் பலன். பீஷான் அங் மோ கியோ பூங்காவில் ஓடும் காலாங் ஆற்றைப் பாருங்கள். முன்பு அது 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். 3.2ஐ 2.7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.2, ஆறு எவ்வளவு வளைகிறது என்பதற்கான கணக்கு. பிறகு கரையில் பத்து மீட்டர் கயிறு நீட்டி, ஆரஞ்சுத் தோலைத் தண்ணீரில் போட்டு நேரம் எடுப்போம். வளைவின் வெளிப்பக்கம் தோல் விரைந்து ஓடும், உட்பக்கம் தயங்கித் தயங்கி வரும். மணல் ஏன் உட்பக்கம் படிகிறது என்பதற்கு அந்தத் தோலைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒரு எச்சரிக்கை: மேகம் கறுத்தால் உடனே கிளம்பிவிடுங்கள். மழையில் அங்கே தண்ணீர் மளமளவென்று ஏறும், அதற்கென்றே சைரன் வைத்திருக்கிறார்கள்.

நடை தோற்றுப்போனதையும் நான் பார்த்திருக்கிறேன், தவறு என்னுடையது. ஒருமுறை ஒரு வகுப்பையே சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கூட்டிப் போனேன், ஆளுக்கு ஒன்பது பக்கப் பயிற்சித்தாளோடு. இரண்டு மணி நேரமும் தாளைத்தான் பார்த்தார்கள். காலடியில் சேற்றில் துள்ளிய மீனை யாரும் கவனிக்கவில்லை. அதன்பிறகு தாளே கொண்டுபோவதில்லை, தண்ணீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போகிறேன், ஒரே ஒரு மரத்தைத் தேடச் சொல்கிறேன். தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம், பிச்சாவரத்தில் நிற்கும் அதே மரம், இங்கேயும் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும், அதனால்தான் மலாயில் புத்தா புத்தா, குருடு என்ற பொருளில். எட்ட நின்று பார்க்க வேண்டிய மரம். வங்கக் கடலின் அந்தக் கரையிலும் ஜொகூர் நீரிணையின் இந்தக் கரையிலும் ஒரே மரம் ஏன் என்ற கேள்வியிலேயே உப்பு நீர், ஓதம், சேறு எல்லாம் வந்துவிடும்.

உயர்நிலை மூன்று, நான்கில் திரை முந்துகிறது. என்னைப் போன்ற காகிதப் பைத்தியமும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையை எடுத்துக்கொள்வோம். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம். அவ்வளவு தூரத்திலிருந்த நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்துபோனார்கள். பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அட்லஸில் பார்த்தால் புதிர்தான். கூகுள் எர்த்தைச் சாய்த்துக் கடலடியைக் காட்டினால் புரிகிறது: சுமத்ரா தீவே நமக்கு மதில், மலாக்கா நீரிணையோ ஆழமில்லாதது. நாகைக்கும் அலைக்கும் நடுவில் இருந்தது ஆழமான வங்கக் கடல் மட்டும். ஆழம் கூடக் கூட அலையின் வேகமும் கூடும், ஆழ்கடலில் ஜெட் விமானத்தின் வேகத்தை எட்டும். பிள்ளைகளில் ஒருத்தியின் பாட்டி ஊர் நாகைப் பக்கம். அன்று அவள் ஒன்றும் பேசாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வயதில் பெற்றோருக்கு இன்னொரு கேள்வியும் வரும்: முழுப் பாடமா, சோஷியல் ஸ்டடீஸோடு சேர்ந்த பாதிப் பாடமா? பிள்ளைக்கு "ஏன்" என்று கேட்கும் பழக்கம் இருந்தால் முழுப் பாடம். எழுதச் சோம்பல் இருந்தால் பாதி போதும், இங்கே பல விடைகளைப் பத்தி பத்தியாக எழுத வேண்டியிருக்கும்.

தொடக்கக்கல்லூரிக்கு நான் சொல்ல அதிகமில்லை. மூன்று வழியும் தேவை, வரிசைதான் தலைகீழ். முதலில் திரையில் தரவு, பிறகு காகிதத்தில் எங்கே அளப்பது என்ற திட்டம், கடைசியில் வெப்பமானியோடு வெளியே. போன வாரம் ஹெச்2 நிலையில் புவியியல் படிக்கும் எதிர் புளோக் தம்பி அப்படித்தான் கிளம்பினான், மதியம் இரண்டு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தின் தார்த்தரையையும் பக்கத்து மழைமரத்து நிழலையும் அளக்க. அவனுடைய அளவுக் கயிற்றைப் பிடிக்கத் தொடக்கநிலை மூன்றுக்காரனும் கூடப் போனான்.