பிள்ளைக்கு 18 முடிந்த பிறகு: பாதுகாவலர் சான்றிதழா, அறக்கட்டளையா, பவர் பத்திரமா?

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்த அன்றே அவனுக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து செல்லாமல் போகிறது. 1875-ஆம் ஆண்டின் வயது வந்தோர் சட்டப்படி அவன் இனி மேஜர். பாட்டி அவன் பெயருக்கு எழுதிவைத்த மனையை விற்கவோ, அவன் பெயரில் உள்ள வைப்புத்தொகையை எடுக்கவோ போனால், பெற்ற தாயும் சட்டத்தின் பார்வையில் மூன்றாம் மனுஷிதான். கடலூர் மாவட்டத்தில் இந்த நிலையில் உள்ள பெற்றோர் பலர், கலெக்டர் ஆபீஸுக்குப் போவதா, மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவதா, பத்திரப் பதிவு அலுவலகத்திலேயே முடித்துவிடலாமா என்று தெரியாமல், பக்கத்து வீட்டார் சொன்னதைச் செய்துவிடுகிறார்கள். இந்த வழிகள் ஒவ்வொன்றும் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்வது வேறு, கொடுப்பது வேறு.

சொத்துக்கு உரிமையாளனாக இருப்பது ஒன்று, அந்த உரிமையைத் தானே கையாள்வது இன்னொன்று. முதலாவதில் சட்டம் எந்தக் குறையும் வைக்கவில்லை. நோயையோ உடல், மனக் குறையையோ காரணம் காட்டி யாருக்கும் வாரிசுரிமையை மறுக்க முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. அண்ணனுக்கு உள்ள பங்கு தம்பிக்கும் உண்டு. சிக்கல் இரண்டாவதில்தான். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்கிற அந்த நேரத்தில் அதைப் புரிந்துகொண்டு தன் நன்மை தீமையைச் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா என்று கேட்கிறது. முடியாதவர் போட்ட கையெழுத்து செல்லாது.

பவர் பத்திரத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். மகனை அழைத்துப்போய்க் கைரேகை வைக்கச் சொல்லித் தகப்பன் பெயருக்குப் பவர் எழுதி வாங்குவது இன்றும் நடக்கிறது. பவர் கொடுப்பதற்கே புரிந்து செயல்படும் தகுதி வேண்டும். அந்தத் தகுதி அவனுக்கு இருந்தால் பவர் அவ்வளவாகத் தேவையில்லை, இல்லையென்றால் பவரே செல்லாது. மறதி நோய் வரப்போகிறது என்று முன்கூட்டியே பவர் எழுதிவைக்கும் முதியவர்களுக்கும் இதே கதிதான். எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகமை, அதாவது அவர் சார்பில் செயல்படக் கொடுத்த அதிகாரம், முடிந்துவிடும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு சொல்கிறது. எந்த நாளுக்காக எழுதினார்களோ அந்த நாளில் அது உதவாது.

அடுத்தது, கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர் குழு தரும் பாதுகாவலர் சான்றிதழ். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பிறந்தது இது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே பொருந்தும். குழுவில் கலெக்டரோடு பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்கிறார்கள். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வங்கிகளும் இந்தச் சான்றிதழை ஏற்கின்றன. சாமானியக் குடும்பத்துக்கு இதைவிட எளிதாக எட்டும் வழி இல்லை.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். தினமும் கடைக்குப் போய்ப் பால் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிவருவார். தன் பெயரைத் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார். வங்கிக்கு அம்மாவோடு போனபோது படிவத்தில் முதலெழுத்தை எழுதி முடிப்பதற்குள், “கார்டியன் சான்றிதழ்தான் இருக்கிறதே, அம்மா போடட்டும்” என்று கவுன்டரில் இருந்தவர் தாளைத் திருப்பி அம்மா பக்கம் தள்ளிவிட்டார். அந்த இளைஞர் பேனாவைக் கையில் வைத்தபடியே நின்றார். சான்றிதழ் அவருடைய கையெழுத்துக்குத் துணையாக வந்தது என்று அங்கே யாரும் நினைக்கவில்லை, மாற்றாக வந்தது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைத்தான் திருத்த வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றதன் தொடர்ச்சி அது. மற்றவர்களுக்கு இணையான சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது 13-ஆவது பிரிவு. 14-ஆவது பிரிவு வரம்புக்குட்பட்ட பாதுகாவலரைப் பேசுகிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் சேர்ந்து, மாற்றுத்திறனாளியின் விருப்பப்படி. வேறு சட்டப்படி நியமிக்கப்பட்டவரும் இனி இப்படியே நடந்துகொள்ள வேண்டும் என்பதால், கலெக்டர் குழுவின் சான்றிதழ் வைத்திருப்பவரையும் இது கட்டுப்படுத்தும். வங்கிக் கவுன்டரில் தயங்காமல் சொல்ல வேண்டிய பிரிவு இதுதான்.

பண்ருட்டிப் பக்கம் பங்காக வந்த முந்திரித் தோப்பை ஒரு முறை விற்க வேண்டும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றால், மாவட்ட நீதிமன்றத்தில் அந்த ஒரு செயலுக்கு மட்டும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலரை நியமிக்கக் கேட்பதே முறை. வழக்கறிஞர் செலவு உண்டு, வாய்தா உண்டு, மாதங்கள் இழுக்கும். இருந்தாலும் வேலை முடிந்ததும் அதிகாரமும் முடிந்துவிடும். ஒரு காப்பும் இருக்கிறது. துணை நிற்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அந்தச் சொத்தில் நலன் மோதினால், துணை நிற்பவர் அந்த விஷயத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். பாகப்பிரிவினையில் எதிர்ப் பங்காளியான அண்ணனே தம்பிக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அதைத் தடுக்க வேறு எந்த வழியிலும் இவ்வளவு தெளிவான சொற்கள் இல்லை.

பெற்றோர் தாங்களே அமைக்கும் அறக்கட்டளையின் கதை வேறு. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி பெற்றோர் தங்கள் வீட்டையோ பணத்தையோ பிள்ளையின் நலனுக்காக அறங்காவலர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அசையாச் சொத்தென்றால் பதிவு செய்த பத்திரமோ உயிலோ வேண்டும். பிள்ளையின் கையெழுத்து தேவையே இல்லை, பெற்றோர் காலத்துக்குப் பின்னும் அது தொடரும். நெய்வேலியில் பணி ஓய்வு பெற்று வீடு கட்டியவர் பாசத்தில் அதை மகன் பெயருக்கே செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார். நாளை கூரையைச் சீர்செய்யக் கடன் வாங்குவதற்கும் அதன்மேல் கையெழுத்துப் போட ஆளில்லாமல் நிற்பார்கள். அதே வீட்டை அறக்கட்டளைக்கு எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் வராது. குறைகளும் உண்டு: அறக்கட்டளை கம்பெனி மாதிரி தனிச் சட்ட நபர் அல்ல, சொத்து அறங்காவலர்கள் பெயரில்தான் நிற்கும். அவர்கள் கைவைத்தால் சிவில் நீதிமன்றம்தான் கதி. பிள்ளைக்கு ஏற்கெனவே சொந்தமான சொத்தையும் அது தொடாது.

உயிலில் “என் தம்பியைப் பாதுகாவலராக நியமிக்கிறேன்” என்று எழுதுவது மைனருக்கு மட்டுமே செல்லும். 25 வயது மகனுக்கு அந்த வரியால் பயனில்லை.

கோமாவில் கிடப்பவர், மறதி நோய் முற்றியவர் ஆகியோர் கலெக்டர் குழுவின் வரம்புக்குள் வருவதில்லை. குடும்பத்தார் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகுகிறார்கள். கோமா நோயாளிகளுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் விரிவான நெறிமுறைகள் வகுத்திருக்கிறது. மனநோயாளிகளுக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நியமனப் பிரதிநிதியைத் தருகிறது, ஆனால் அவர் சிகிச்சைக்கு மட்டுமே, சொத்துக்கு அல்ல.

என் தீர்ப்பு இது. பெற்றோர் கையில் உள்ள சொத்துக்கு அறக்கட்டளை. வங்கிக் கணக்குக்கும் அன்றாடத் தேவைக்கும் கலெக்டர் குழுவின் சான்றிதழ், 14-ஆவது பிரிவின் வரம்போடு. பிள்ளையின் சொந்த நிலத்தை விற்பது போன்ற பெரிய முடிவுக்கு நீதிமன்றம். சான்றிதழ் வாங்கியவர்கள் மறப்பது கணக்கை: நியமனமான 6 மாதத்துக்குள் சொத்து, கடன் விவரப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் தர வேண்டும். புதுச்சேரிக்குத் தனிக் கலெக்டர், தனிக் குழு. எனவே எல்லையோரக் குடும்பங்கள் பிள்ளை வசிக்கும் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாதுகாவலர் இறந்தால் சான்றிதழ் தானாக அடுத்தவருக்குப் போகாது, புதிய விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு யார் முன்வருவார் என்பதைத் தகப்பன் 70-ஐத் தொடும் முன்பே, அந்தப் பிள்ளையையும் உட்காரவைத்துக் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.