பதினொரு பேர், நாற்பது வளைவுகள், ஒரு வழிகாட்டி

முப்பத்தோரு ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஒரு துண்டறிக்கை கைக்கு வந்தால் முதலில் பிழையைத்தான் தேடுவேன். ‘ஒரு நாள் வால்பாறை: மலையும் வனமும்’ என்று தலைப்பிட்ட அந்த வழவழப்பான தாளில் வரையாட்டின் படத்துக்குக் கீழே ‘மலை மான்’ என்று போட்டிருந்தார்கள். அதிகபட்சம் 8 பேர், காலை 5.30க்குப் பொள்ளாச்சியில் வண்டி, ஆளுக்கொரு பைனாகுலர், நாள் முழுவதும் உள்ளூர் வழிகாட்டி, எட்டு இடங்கள், தலைக்கு 2,300 ரூபாய். மானைத் தவிர இன்னும் ஐந்து பிழைகள் அதில் இருந்தன. அவை அச்சுப் பிழைகள் அல்ல என்பது போய்வந்த பிறகுதான் தெரிந்தது.

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இதே போன்ற தாளை அந்த ஊரில் வேறு சிலரும் அச்சடிக்கிறார்கள். நான் சொல்லப்போவது அவர்களுக்கும் பொருந்தக்கூடும்.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம். நானும் மனைவியும் ஐந்தேகாலுக்கே போய் நின்றோம். வண்டி ஆறு பத்துக்கு வந்தது. பன்னிரண்டு பேர் அமரும் டெம்போ டிராவலர். உள்ளே ஏற்கெனவே ஒன்பது தலைகள். ‘எட்டுப் பேர் என்றீர்களே?’ என்று கேட்டேன். ‘கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் சேர்ந்துகொண்டது சார், அனுசரித்துக்கொள்ளுங்கள்’ என்றார் ஓட்டுநர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சீட்டுப் போட்டவர் வேறு யாரோ. எங்களுக்குக் கிடைத்தது கடைசி வரிசை, பின் சக்கரத்துக்கு நேர் மேலே. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் அந்தப் பலகைகளை இயற்கை ரசிகர்களாகப் பார்ப்பதில்லை, இன்னும் எத்தனை பாக்கி என்று கணக்குப் போடுபவர்களாகத்தான் பார்க்கிறார்கள். மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். முன்பதிவு செய்யும்போதே முன் இருக்கையைக் கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் முக்காலி போன்ற ஒரு துணை இருக்கையில் இருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறாராம். முந்தைய நாள் கடைசி பஸ்ஸில் மலையிறங்கி வந்து எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். ஆழியாறு அணை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரிதான், வழி காட்டத் தெரியாதவரைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அணையில் பத்து நிமிடம், படம் எடுக்க. சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள். பிறகு குரங்கு அருவியில் நாற்பது நிமிடம். ஜனவரியில் அருவி மெலிந்து, பாறையில் ஈரத்துணியை உலர்த்தியதுபோல் இருந்தது. குளிக்க ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். மற்ற ஒன்பது பேரும் அவர்களுடைய ஈரத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காட்டைப் பார்க்க வந்தவனுக்குக் காலை ஏழு மணிக்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம் என்பது இந்த நிரலைப் போட்டவருக்குத் தெரியவில்லை.

ஒன்பதாவது வளைவுக்கு லோம்ஸ் காட்சிமுனை என்று பெயர். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் ஒரு வெள்ளித் தகடாகத் தெரியும். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினோம். வழிகாட்டி மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்புறப் பாறையைப் பார்த்தபடி நின்றார். பிறகு கையைத் தாழ்த்தி, நாய்க்குட்டியை அமர்த்துவதுபோல் ஒரு சைகை. ‘அணை எங்கேயும் போகாது சார். இந்தப் பக்கம் திரும்புங்கள், மெதுவாக.’

சாலையோரத் தடுப்புச் சுவரின் மேல் ஒரு வரையாடு நின்றது. பெட்டை. என்னிடமிருந்து பன்னிரண்டு அடி இருக்கும். சுவரின் அகலம் ஒரு சாண்தான். நான்கு குளம்புகளையும் அதில் பொருத்தி, அடுத்த பக்கம் பாதாளம் என்பதே நினைவில்லாததுபோல் அசை போட்டுக்கொண்டிருந்தது. சாம்பல் படிந்த பழுப்பு நிறம், பின்னோக்கி வளைந்த கொம்பு. கண்ணின் பாவை வட்டமாக இல்லை, கிடையாகக் கிடக்கும் ஒரு கோடு. காது ஒன்று தனியாக அசைந்து ஒரு ஈயை விரட்டியது. அதற்குப் பின்னால், செங்குத்தான பாறையில், முதலில் என் கண்ணுக்கு வெறும் கல்லாகத் தெரிந்தவை ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. ஏழு. வழிகாட்டி ஒன்பது என்றார். அவர் சொன்ன பிறகும் அந்த இரண்டை நான் காணவில்லை.

அப்போதுதான் அவர் பேசத் தொடங்கினார். கூட்டம் மேயும்போது ஏதாவது ஒன்று தலை தூக்கிக் காவல் பார்க்கும்; எது தலை தூக்குகிறது என்று பாருங்கள் என்றார். இது நமது மாநில விலங்கு, சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது இதுதான் என்றார். வனத்துறை 2024இல் எடுத்த கணக்கில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,031. அடுத்த ஆண்டுக் கணக்கில் 1,303. மெய்ப்புக்காரன் காதில் அது இலக்கம் இடம் மாறிய பிழைபோல் விழுந்தது, ‘எது சரி?’ என்று கேட்டேவிட்டேன். ‘இரண்டும் சரிதான் சார், இரண்டு வருடம்’ என்று சிரித்தார். மாநிலம் முழுவதும் இருக்கும் வரையாடுகளை ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தில் அடக்கிவிடலாம் என்ற எண்ணம் எனக்கு அன்று முழுவதும் போகவில்லை.

அங்கே அரை மணி நேரம் நின்றோம். நிரலில் போட்டிருந்தது பத்து நிமிடம். ஓட்டுநர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். வழிகாட்டி அவரைப் பார்க்கவே இல்லை. 2,300 ரூபாயில் பாதி எனக்கு அங்கேயே திரும்பி வந்துவிட்டது.

பைனாகுலர் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொன்று என்றார்கள், பதினொரு பேருக்கு ஒன்று வந்தது. அதிலும் இடது கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினோம். சொந்தமாக இருந்தால் எடுத்துப் போங்கள்.

அட்டகட்டியில் தேநீர். அதற்கு மேலே குளிர். தேயிலைச் சரிவுகள் தொடங்கின. நடுநடுவே நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்கள், ஓரங்களில் வெட்டாமல் தப்பிய சோலைத் துண்டுகள். ‘பச்சை எல்லாம் காடு இல்லை சார்’ என்றார் வழிகாட்டி. ‘தேயிலை, நாங்கள் வேலை செய்யும் இடம். அந்தக் கரும்பச்சைத் திட்டு இருக்கிறதே, அதுதான் காடு.’ அதற்குப் பிறகு எனக்கு அந்த இரண்டு பச்சையும் ஒன்றாகத் தெரியவே இல்லை. தோட்டத்து வழியில் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு இருந்தது. பக்கத்தில் யானை நிற்கிறது என்றால் செல்பேசியிலிருந்தே அதை எரியவைப்பார்களாம், குறுஞ்செய்தியும் வரும். ‘இது எரிந்தால் அம்மா அன்றைக்கு வாசல் தாண்ட மாட்டார்.’ இதைச் சொல்லும்போது அவர் குரலில் வழிகாட்டித்தனம் எதுவும் இல்லை.

வால்பாறைக்கு முன்னால் புதுத்தோட்டம். அங்கேதான் சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத இனம். மரத்தின் உச்சியில் தேடிக்கொண்டிருந்தேன். அவை சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தன. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். ஒரு பெரிய ஆண் பிஸ்கட் உறையை இரு கைகளாலும் பிரித்து, உள்ளே விரலை விட்டுத் துடைத்து நக்கியது. எங்கள் அச்சகத்து முதலாளி காலைச் சிற்றுண்டியை முடிக்கும் விதம் அப்படியே.

முன் இருக்கையில் வந்த அம்மையார் ஜன்னலைத் திறந்து ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். அன்பினால்தான். வழிகாட்டி சத்தம் போடவில்லை. ‘அம்மா, அதை நீங்கள் சாப்பிடுங்கள். இன்றைக்கு இது வாங்கித் தின்றால் நாளைக்கும் இந்தச் சாலைக்கு வரும். போன மழைக்காலத்தில் ஒரு குட்டியை வண்டிச் சக்கரத்திலிருந்து எடுத்தவன் நான்.’ அம்மையார் பழத்தை மடியில் வைத்துக்கொண்டார். கடைசிவரை சாப்பிடவும் இல்லை.

பிறகு அவர் அண்ணாந்து காட்டினார். சாலைக்கு மேலே, இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் நடுவே, பழைய தீயணைப்புக் குழாயின் பட்டையான துணியைக் கட்டிப் பாலம் அமைத்திருந்தார்கள். தரையில் இறங்காமல் கடப்பதற்கு. வால்பாறையில் நெடுங்காலமாக வேலை செய்யும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் முயற்சி. இருபது நிமிடம் காத்திருந்தோம். வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்ட ஒரு தாய் வந்தது. முதல் அடியை வைத்து, பாலம் ஆடி நிற்கும்வரை பொறுத்து, பிறகு விறுவிறுவென்று கடந்தது. கீழே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. குட்டி மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தது.

புலி வருமா என்று ஒருவர் கேட்டார். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள் போலும். ‘பிறந்ததிலிருந்து இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பைக்கில் போனேன், இரண்டு முறையும் நிற்கவில்லை’ என்றார். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம்.

சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் கிடைத்தது. சுமார். அதைவிட எரிச்சல், தேயிலைத் தூள் விற்கும் கடையில் கட்டாயமாக இறக்கிவிட்டு முப்பத்தைந்து நிமிடம் நிற்கவைத்தது. சின்னக்கல்லாறு அருவியும் துண்டறிக்கையில் இருந்தது. போகும் வழியில்தான் ‘அங்கே இப்போது அனுமதி இல்லை’ என்றார்கள். விசாரித்தால், ஒரு வாரமாகவே அனுமதி இல்லையாம். தெரிந்தே எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் உண்மையாகவே கோபப்பட்டது இதற்குத்தான்.

நல்லமுடி பூஞ்சோலை என்ற காட்சிமுனையில் ஆனைமுடி தெரியும், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம், 2,695 மீட்டர். எங்களுக்கு வெள்ளை மூட்டம்தான் தெரிந்தது. காலையிலேயே வந்திருந்தால் தெரிந்திருக்கலாம். அருவிக்கும் கடைக்கும் கொடுத்த நேரம் இங்கே கழிந்தது. ஆனால் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தூரத்து ரயில் எஞ்சின் பெருமூச்சு விடுவதுபோல் ‘ஹஃப், ஹஃப்’. வழிகாட்டி விரலை உயர்த்தினார். எங்கள் தலைக்கு மேலே மூட்டம் கிழிந்த ஓர் இடத்தில் மலை இருவாட்சி ஒன்று கடந்தது. பெரிய மஞ்சள் அலகு, இறக்கையில் வெள்ளைப் பட்டை. மூன்று நொடி இருக்கும். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னைத் தானே அடைத்துக்கொண்டு முட்டையிடும், ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து ஒரு சிறு இடுக்கு வழியாக ஊட்டும் என்று அவர் விளக்கினார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மூட்டத்தைப் பார்த்தேன்.

நாலே காலுக்கு வால்பாறை பஸ் நிலையத்தில் வழிகாட்டி இறங்கிக்கொண்டார். ‘நாள் முழுவதும்’ என்பதற்கு நிறுவனத்தின் பொருள் அதுதான். அவர் வீடு அங்கே, கீழே வந்தால் திரும்ப பஸ் இல்லை. அவருக்கு அது நியாயம். நமக்கு இல்லை. கையில் தனியாகக் கொஞ்சம் பணம் கொடுத்தேன். நீங்கள் போனாலும் அப்படியே செய்யுங்கள். இன்னொன்று: ஏறும்போதே அருவியும் கடையும் வேண்டாம், அந்த நேரத்தைக் காட்டுக்குக் கொடுங்கள் என்று எல்லோருமாகச் சேர்ந்து சொல்லுங்கள். எங்கள் வண்டியில் யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

இறங்கும்போது வண்டியில் பேச்சு ஓய்ந்திருந்தது. எத்தனையாவது வளைவு என்று கவனிக்கவில்லை. முன் இருக்கை அம்மையார், அதே வாழைப்பழ அம்மையார், ஓட்டுநரின் தோளைத் தொட்டு, ‘தம்பி, நிறுத்துங்கள்’ என்றார், ஏறக்குறைய மூச்சுக்குள்ளேயே. ஓட்டுநர் எஞ்சினையும் அணைத்தார். தேயிலைப் புதர்களுக்கு மேலே கரிய முதுகு ஒன்று நகர்ந்தது. பிறகு புதர் விலகி, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் ஒரு காட்டு மாடு சாலைக்கு வந்து, எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுக் கீழ்ச் சரிவில் இறங்கிப் போயிற்று. பதினொரு பேரில் ஒருவர்கூடச் செல்பேசியைத் தேடவில்லை.

ஆழியாறு வந்ததும் எல்லோருடைய செல்பேசியிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. ‘பயணம் எப்படி இருந்தது? நட்சத்திரம் கொடுங்கள்.’ வழிகாட்டிக்கு ஐந்து. நிறுவனத்துக்கு இரண்டரை கொடுக்க நினைத்தேன். அரை நட்சத்திரத்துக்கு இடமில்லை, மூன்று போட்டேன். கருத்து எழுதும் கட்டத்தில் ‘வரையாடு மான் அல்ல’ என்று எழுதி அனுப்பினேன். நேற்றுப் பொள்ளாச்சிப் பக்கம் போன உறவினர் அதே துண்டறிக்கையை வாங்கி வந்தார். இன்னும் மான்தான்.