மவுண்டன் பைக்கில் நூறு கிலோமீட்டர்: ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயர் எப்படி?

"மவுண்டன் பைக்கை வைத்துக்கொண்டு தூரமாகப் போக முடியாது, ரோடு பைக் வாங்கு" என்று எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. அவர்கள் பைக்கைக் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு டயரைத்தான் குறை சொல்கிறார்கள் என்பது என் கட்சி. டயரை மாற்றினால் பாதிப் புகார் போய்விடும், மீதியோடு வாழ்ந்துவிடலாம். நான் மாற்றியது ஷ்வால்பே மாரத்தான் பிளஸ், 26 × 1.75 அளவு. வடகிழக்குப் பருவமழையையும் பார்த்துவிட்டது, சிங்கப்பூரின் லிம் சூ காங் சாலையையும் பார்த்துவிட்டது. இனி அதைப் பற்றி எழுதலாம்.

பைக் என் மகனுடையது. தேசிய சேவைக்குப் போனவன் திரும்பி வந்தபோது ஆள் வளர்ந்திருந்தான், பைக் வளரவில்லை. அலுமினிய ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன். அதைப் பூட்டிவைக்கும் லாக்அவுட் வசதிகூடக் கிடையாது. இந்த 26 அங்குலம் என்பதே இப்போது பழைய சரக்கு. புதிதாக வருவதெல்லாம் 27.5 அல்லது 29. ஆனால் என் உயரத்துக்கு அது கச்சிதமாக இருந்தது, காசும் கொடுக்க வேண்டியதில்லை. நான் பாலர்பள்ளி ஆசிரியை. வாரம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த முதுகுக்கு, ரோடு பைக்கில் மறுபடி குனிவதைவிட இதில் நிமிர்ந்து உட்கார்ந்து போவதுதான் சுகம்.

அதில் முதலில் இருந்தவை பெரிய முட்டுகள் கொண்ட சேற்று டயர்கள். தார்ச் சாலையில் அந்த முட்டுகளுக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவை வளைந்து நிமிர்வதற்கு நம் காலிலிருந்துதான் சக்தி போகிறது. தேனீக்கூட்டம் கூடவே பறந்து வருவது போல ஒரு ரீங்காரம் வேறு. இருபது கிலோமீட்டர் வரை அது பெரிதாகத் தெரியாது. ஐம்பதைத் தாண்டினால் தொடை சொல்லிவிடும்.

சரி, வழவழப்பான டயர் என்று முடிவாகிவிட்டது. அதில் எது? இங்கேதான் சிங்கப்பூர்க் கணக்கு ஒன்று வருகிறது. எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் மடக்கு சைக்கிளுக்கு மட்டும்தான் இடம். அதுவும் மடித்த பிறகு 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். முழு அளவு மவுண்டன் பைக்கோடு கிராஞ்சியில் பஞ்சரானால், ரயில் நிலையம் கண்ணுக்கு எதிரே இருந்தாலும் உள்ளே போக முடியாது. வழியிலேயே உட்கார்ந்து டியூப் மாற்ற வேண்டும், அல்லது பைக் ஏறும் அளவு பெரிய டாக்சிக்காகக் காத்திருக்க வேண்டும். பக்கத்து புளோக் அக்காவுக்கு லிம் சூ காங்கில் அதுதான் நடந்தது. அவர் ஓட்டுவது மெல்லிய டயர் போட்ட ரோடு பைக். முதல் பஞ்சருக்குக் கையிலிருந்த டியூபைப் போட்டோம், இரண்டாவதுக்கு டியூப் இல்லை. டாக்சிக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அவர் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அந்த இரண்டு பஞ்சருக்கும் காரணம் ஊசி மாதிரி மெல்லிய எஃகுக் கம்பித் துண்டு. லாரி டயர்களுக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கும். டயர் கிழியும்போது அந்தக் கம்பி பொடிப்பொடியாகச் சாலையில் உதிர்ந்து இடது ஓரத்தில் ஒதுங்கிவிடும். சைக்கிள் போகவேண்டிய இடமும் அதே இடது ஓரம்தான். கண்ணாடித் துண்டையாவது பார்த்து விலகலாம். இந்தக் கம்பியை டயருக்குள் விரல் விட்டுத் தடவினால்தான் தெரியும், அதுவும் குத்தினால்தான்.

மாரத்தான் பிளஸின் சங்கதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. டயரின் மேல்தோலுக்கும் டியூபுக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் வரை கனமான, நெகிழ்வான ஒரு ரப்பர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்மார்ட்கார்டு (SmartGuard) என்று அதற்குப் பெயர். மற்ற டயர்களில் பஞ்சரைத் தடுக்கக் கெவ்லார் மாதிரி கெட்டியான நார்ப்பட்டை கொடுப்பார்கள். அது வெட்டைத் தாங்கும், ஆனால் ஊசி முனை நார்களுக்கு நடுவே புகுந்துவிடலாம். இதில் தடுப்பது கனம். அறிவிப்புப் பலகையில் குத்தும் டிராயிங் பின் ஒன்று முழுக்கப் போனாலும் முனை டியூபைத் தொடாது. மாதம் ஒருமுறை டயரைத் துடைத்து, மேலே சிக்கியிருப்பதைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் நோண்டி எடுப்பேன். கண்ணாடிச் சில்லு, ஸ்டேப்ளர் பின், அந்தக் கம்பித் துண்டு எல்லாம் வரும். இதுவரை ஒன்றுகூட டியூப் வரை போனதில்லை. அக்காவுக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்.

இந்த அடுக்குக்கு விலை எடை. இந்த அளவில் ஒரு டயர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ரேஸ் டயர் போடுபவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அக்காவும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன தங்கச்சி, லாரி டயர் இன்னும் தேயலையா?" என்றுதான் ஆரம்பிப்பார். சிக்னலில் நின்று கிளம்பும்போது அந்த எடை தெரியும், மறுக்கவில்லை. ஏற்றத்திலும் தெரியும். ஆனால் இந்த ஊரின் உயரமான இடமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான்! சமதளத்தில் ஒரு முறை வேகம் பிடித்துவிட்டால் கனமான சக்கரம் தானாக உருளும். வேகம் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இன்னொன்று: பூங்கா இணைப்புப் பாதைகளில் சட்டப்படி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகவே கூடாது. அந்த எல்லைக்குள் ஓடுவதற்கு இறகு போன்ற டயர் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

நான் அதிகம் ஓட்டும் தடத்தைச் சொன்னால் டயரின் குணம் விளங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு ஈசூனிலிருந்து கிளம்பி அணையைக் கடந்தால் ரோவர்ஸ் பே பூங்கா. தேசியப் பூங்காக் கழகம் தீவைச் சுற்றிப் போட்டுவரும் 150 கிலோமீட்டர் பாதையின் கிழக்குப் பாதி இங்கே தொடங்குகிறது. பொங்கோல், லோரோங் ஹாலுஸ், பாசிர் ரிஸ், சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட், மரீனா என்று போய்த் தெற்கே பெர்லேயர் ஓடையில் முடியும்போது சுமார் 75 கிலோமீட்டர். அங்கிருந்து அலெக்சாண்டிரா பக்கம் வந்து ரயில் காரிடாரில் ஏறி வடக்கே திரும்பினால் வீட்டுக்கு வருவதற்குள் நூறு தாண்டிவிடும்.

இந்த ஒரே தடத்தில் எத்தனை விதத் தரை! தார், சிமெண்ட், பதித்த கல், மரப்பலகை, பொங்கோல் கடலோரத்தில் சரளை கலந்த செம்மண். ரோடு பைக்காரர்கள் பலகையிலும் சரளையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். 1.75 அங்குல அகலத்தில் 55 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை வைத்துக்கொண்டு நான் சீட்டிலிருந்து எழாமல் போவேன். பழைய முட்டு டயரில் சாங்கி வந்ததும் நாசி லெமாக் வரிசையில் நிற்கக்கூடக் கால் ஒப்புக்கொள்ளாது. இதில் சாப்பிட்டுவிட்டு, ஒரு தே தாரிக்கும் குடித்துவிட்டு, ஈஸ்ட் கோஸ்டை நோக்கி மிதிக்கத் தெம்பு மிச்சமிருக்கிறது. ஈஸ்ட் கோஸ்டில் எதிர்காற்று அடித்தால் மட்டும் மவுண்டன் பைக்கின் குறை வெளியே வரும். நிமிர்ந்து உட்கார்ந்த உடம்பு காற்றை முழுக்க வாங்கிக்கொள்ளும். அதற்கு டயர் ஒன்றும் செய்ய முடியாது, கியரைக் குறைத்துவிட்டுப் பொறுமையாக மிதிக்க வேண்டியதுதான்.

ரயில் காரிடார் எனக்குப் பிடித்த பகுதி. மலாயா ரயில் ஓடிய தடம், 2011 ஜூலையில் நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர். இறுக்கிய சரளையில் இந்த டயர் நன்றாகவே ஓடுகிறது. கனமழை பெய்து ஓரத்தில் சேறு கட்டியிருந்தால் மட்டும் நடுவிலேயே போங்கள். இதன் வரித்தடம் ஆழம் குறைவு, சேறு அடைத்துக்கொண்டால் பிடிப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. கடைசியில் உட்லண்ட்ஸ் சாலையிலிருந்து மண்டாய் சாலையில் திரும்பும்போது வரும் மேடுபள்ளத்தில் அந்த இரண்டு கிலோவையும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மழை என்றதும் சுமத்ரா காற்றைச் சொல்ல வேண்டும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியும் முன்போ விடிந்த கையோடோ மேற்கிலிருந்து கறுத்துக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போகும். நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் அதுதான். நனைந்த தாரில் மாரத்தான் பிளஸ் நம்பிக்கையாக நிற்கிறது. வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, கட்டுமான வேலைக்காகச் சாலையில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, இவற்றின் மேல் எந்த டயரும் வழுக்கும். நேராக ஓட்டிக் கடந்துவிடுங்கள், அதன் மேல் திரும்பாதீர்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். பக்கச் சுவரில் சுற்றிலும் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு பட்டை இருக்கிறது. இருட்டில் காரின் வெளிச்சம் பட்டால் இரண்டு வெள்ளை வளையம் சுழல்வது தெரியும். விளக்கு போட்டிருந்தாலும் பக்கவாட்டில் நம்மைக் காட்டுவது இதுதான்.

பஞ்சரே ஆகாது என்று நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள். குத்துவதைத்தான் இது தடுக்கும். காற்று குறைவாக இருக்கும்போது நடைபாதை விளிம்பில் மோதினால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். எந்த அடுக்கும் அதைக் காப்பாற்றாது. டியூபிலிருந்து காற்று தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பதால் வாரம் ஒருமுறை பம்பை எடுப்பது கட்டாயம். டயர் கனமாக இருப்பதால் விரலால் அமுக்கிப் பார்த்தால் எப்போதும் கெட்டியாகத்தான் தெரியும். அளவுமானி வைத்த பம்ப் வேண்டும்.

மாட்டுவது தனிக்கதை. விறைப்பான டயர், கடைசிச் சாண் ரிம்முக்குள் இறங்க அடம்பிடிக்கும். கடையில் கொடுத்தால் மாட்டிக்கொடுப்பார்கள், ஆனால் வழியில் தேவைப்பட்டால் நாம்தானே செய்ய வேண்டும், அதனால் வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. டயரை வெயில் விழும் நடைபாதையில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் இளகும். வால்வுக்கு நேரெதிரில் தொடங்கி வால்வில் முடியுங்கள். ஏற்கனவே உள்ளே போன பகுதியை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால்தான் கடைசியில் இடம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் கழன்று வரும். அதற்கு இரண்டு கேபிள் டையால் டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள், மூன்றாவது கை கிடைத்த மாதிரி. டயர் லிவர் பிளாஸ்டிக்காக இருந்தாலும் தடித்ததாக வாங்குங்கள்.

டயரோடு இன்னொன்றும் மாற்றினேன். நேரான ஹேண்டில்பாரை ஒரே மாதிரி பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகும் நரம்பு அழுந்துவதுதான் காரணம். கை வைக்கும் இடம் அகலமான கிரிப்பும், ஓரத்தில் கொம்பு மாதிரி பார் எண்டும் போட்டுக்கொண்டால் பிடியை மாற்றி மாற்றி ஓட்டலாம். டயருக்கு ஆகும் செலவில் பாதிகூட வராது.

சேற்றில் விளையாடப் போகிறவர்களுக்கு இந்த டயர் வேண்டாம். செஸ்நட் பூங்காவின் மலைத்தடத்துக்கும் உபின் தீவின் கெத்தாம் தடத்துக்கும் இதைப் போட்டுக்கொண்டு போனால் முதல் ஈர வேரிலேயே விழுவீர்கள். பழைய முட்டு டயர்களைக் கட்டிலடியில் வைத்திருக்கிறேன், மகன் கேட்டால் மாட்டிக்கொடுப்பேன். குழுவாகச் சேர்ந்து வேகமாக ஓட்டும் ஆசை இருந்தாலும் வேறு பார்க்கலாம். தனியாகவோ இரண்டு பேராகவோ, தீவின் அந்தக் கோடி வரை போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப நினைப்பவர்களுக்குக் கொடுத்த காசு வீண்போகாது. சாதாரண டயரைவிட விலை கூடத்தான். ஆனால் அக்கா அந்த டாக்சிக்குக் கொடுத்ததை வைத்துப் பார்த்தால் ஒரு டயரின் விலையில் பெரும்பகுதி வந்துவிடும்.

வாங்கும்போது அங்குலத்தைச் சொல்லாமல், இப்போதுள்ள டயரின் பக்கச் சுவரில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். 26 அங்குல மவுண்டன் பைக்குக்கு 559, 27.5-க்கு 584, 29-க்கு 622. இந்த 622-தான் ரோடு பைக்கின் 700சி-யும், அதனால் 29 வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு அதிகம். என்னுடையது 47-559. கடையில் கைவசம் இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள், 26 அங்குல டயரை இப்போது எல்லோரும் இருப்பு வைப்பதில்லை. கூடவே அதே அளவுக்கு ஒரு உபரி டியூபும் வாங்கிச் சீட்டுக்குக் கீழே உள்ள பையில் போட்டுவிடுங்கள். நான் வைத்திருக்கிறேன், இன்னும் உறை பிரிக்கவில்லை.