குடிபோகும் முன் வீட்டைக் கழுவுதல்: நிறுவன ஆட்களா, உள்ளூர் ஆட்களா?

பாளையங்கோட்டையில் மொசைக் தரை போட்ட பழைய வீடு ஒன்றை வாங்கி, பத்திரம் பதிந்து, ஆவணியில் பால் காய்ச்ச நாளும் குறித்த பிறகு, சாமான்களை இறக்குமுன் வீட்டை முழுமையாகச் சுத்தம் செய்யும் வேலையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. இப்போது திருநெல்வேலியிலும் இதற்கென்றே நிறுவனங்கள் வந்துவிட்டன. ‘டீப் கிளீனிங்’ என்று சொன்னால் இயந்திரங்களோடு ஆட்கள் வந்து, பெரும்பாலும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இன்னொரு வழி, தெரிந்தவர்கள் மூலம் உள்ளூர் ஆட்களை நாள்கூலிக்கு அமர்த்தி, பொருள்களை நாமே வாங்கிக் கொடுத்து, கூட இருந்து வேலை வாங்குவது. மூன்றாவது, வீட்டாரே செய்துகொள்வது. நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். பழைய வீடு வாங்கியிருக்கும் எவருக்கும் அதையே பரிந்துரைப்பேன். அதற்கான காரணம் ஏறக்குறைய முழுவதும் ஆசிட் என்ற ஒற்றைப் பொருளில் அடங்கியிருக்கிறது.

வீட்டாரே செய்வதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூசையறையையும் அலமாரித் தட்டுகளையும் நாமே துடைத்துக்கொள்ளலாம். தட்டட்டி எனும் மொட்டைமாடி முதல் புறவாசல் வரை உள்ள வேலை, அன்றாடம் அலுவலகம் போகிறவர்கள் உள்ள குடும்பத்துக்கு ஆகிற காரியமன்று.

நிறுவனங்களின் சிறப்புகளும் வெளிப்படையானவை. நீண்ட ஏணி, தூசு உறிஞ்சும் இயந்திரம், தரை தேய்க்கும் சுழல் இயந்திரம் எல்லாம் அவர்களிடமே இருக்கின்றன. நகரும் சன்னல்களின் அடிச்சட்டத்தில் படிந்த மண்ணை வாரியலால் எடுப்பது கடினம்; இயந்திரம் அதை நொடியில் உறிஞ்சிவிடும். வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் வீடு வாங்கியிருப்பவர்களுக்கு, ஒரு நாள் மட்டும் வந்து நின்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்பது பெரிய வசதி.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் முதன்மையான அழுக்கு தூசியோ நூலாம்படையோ அன்று, உப்புக்கறை. குடிப்பதற்குத் தாமிரபரணித் தண்ணீர் வந்தாலும், புழக்கத்துக்குப் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கின்றன. சுண்ணாம்புக்கல் கிடைக்கும் வட்டாரம் இது. தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியது அந்தக் கல்லை நம்பித்தான். கால்சியம் கரைந்த நீர் ஒவ்வொரு முறை தரையில் சிந்திக் காயும்போதும் மெல்லிய வெள்ளைப் படிவத்தை விட்டுச் செல்கிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அந்த மேல் வரம்பை ஒட்டிய நீரைப் பல ஆண்டுகள் புழங்கிய குளியலறையிலும் பாத்திரம் கழுவும் அங்கணத்திலும் படிவம் எவ்வளவு தடித்திருக்கும் என்பதைப் பழைய வீடு பார்க்கப் போனவர்கள் அறிவார்கள்.

இந்தக் கறையை விரைவாகப் போக்கக்கூடியது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடையில் நாம் ‘ஆசிட்’ என்று கேட்டு வாங்குவது அதைத்தான். ஊற்றியவுடன் நுரைத்துப் பொங்கும். தென்னை ஈர்க்கு வாரியலால் நாலு இழுப்பு இழுத்துத் தண்ணீர் விட்டால் தரை வெளுத்துவிடும். சிக்கல் எங்கே என்றால், கறையாகப் படிந்திருப்பதும் கால்சியம் கார்பனேட், மொசைக்கில் பதித்திருக்கும் பளிங்குச் சில்லும் கால்சியம் கார்பனேட். சில்லுகளைப் பிடித்திருக்கும் சிமெண்டும் கால்சியம் மிகுந்த பொருளே. எது கறை, எது தரை என்று அமிலம் பிரித்தறிவதில்லை. அன்று நாம் காணும் நுரையில் ஒரு பங்கு கறையிலிருந்தும் மற்றொரு பங்கு தரையிலிருந்தும் எழுகிறது.

மொசைக் தரையைப் போடும்போது, கலவை இறுகியபின் கார்போரண்டம் கற்களால் படிப்படியாகத் தேய்த்து, முடிவில் ஆக்சாலிக் அமிலப் பொடியிட்டு மெருகேற்றுவார்கள். அதுவும் அமிலந்தானே என்று கேட்கலாம். ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத உப்பாக மாறி மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. தரையின் மினுமினுப்பில் அதற்குப் பங்குண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலமோ நீரில் எளிதில் கரையும் கால்சியம் குளோரைடை உண்டாக்குகிறது. அது கழுவுகிற தண்ணீரோடு போய்விடுகிறது, தரையின் மேல்தோலும் அதனுடன் போகிறது.

இதன் விளைவு முதல் நாள் தெரிவதில்லை. ஈரம் இருக்கும்வரை தரை புதிதுபோல் இருக்கும், காய்ந்தபின் மங்கலாகும், சில மாதங்களில் கால் தடமும் எண்ணெய்ச் சொட்டும் துடைத்தாலும் போகாமல் உள்ளே இறங்கத் தொடங்கும். மெருகு போன பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் திறந்துவிடுவதுதான் காரணம். அழுக்கு இறங்கிய தரையை வெளுக்க மறுபடியும் ஆசிட் தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறையும் குழி ஆழமாகிறது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில், குடிபோகும் முன் வந்து கழுவிய ஒரு நிறுவனத்தார் தார்சாவையும் (முன்தாழ்வாரம்) பட்டாசலையும் (கூடம்) இவ்வாறு வெளுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தரையில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் மணல்தாள்போல் பிடிக்கிறது. அதை மீட்க வேண்டுமானால் மொத்த வீட்டுக்கும் மறுபடி பாலிஷ் போடுவது ஒன்றுதான் வழி. சாமான் இறக்கிய வீட்டில் பாலிஷ் இயந்திரம் ஓட்டினால் சேற்றுக் குழம்பு சுவர் முழுக்கத் தெறிக்கும் என்பதால், குடியிருந்துகொண்டே அந்த வேலையைப் பார்ப்பது பெரும் துன்பம்.

சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதே கதிதான்; அது சாயமேற்றிய சிமெண்ட். அடுக்களைத் தட்டுகளுக்குப் போடும் கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. டைல்ஸைப் பொறுத்தவரை ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றாலும், இடையில் அடைத்த சிமெண்ட் கரைந்துவிடும். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காட்டும். ஆசிட்டின் ஆவி எவர்சில்வர் குழாய்களிலும் கதவுக் கீல்களிலும் புள்ளி புள்ளியாகத் துருவை உண்டாக்கும். கிரானைட் இவற்றிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. உங்கள் தரை எந்த வகை என்று தெரியாவிட்டால், கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சற்று நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கினால், ஆசிட் படக்கூடாத தரை அது.

உள்ளூர் ஆட்கள் ஆசிட்டைக் கேட்க மாட்டார்களா என்றால், கேட்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்களில் மூத்தவர், “அண்ணாச்சி, ஆசிட் ரெண்டு பாட்டில் வாங்கிக் குடுத்திருங்க, ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா” என்றுதான் தொடங்கினார். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நாள்கூலி வேலையில் பொருளை வாங்குவது நாம். நாம் வாங்காத பொருள் வீட்டுக்குள் வராது. ஒரு நாள் கூடுதலாக ஆனால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி கூடும், ஆகவே மெதுவாகச் செய்யச் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. நிறுவனத்துக்கோ சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிட்ட தொகை. மாலைக்குள் முடித்துவிட்டு மறுநாள் வேறு வீட்டுக்குப் போக வேண்டும். பல ஆண்டு உப்பை ஒரு பகலில் எடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் நிற்கும் எவரும் வலுவான அமிலத்தைத்தான் நாடுவார்கள். அந்தத் தொழிலாளர்கள் மேல் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆசிட் இல்லாமல் நாங்கள் செய்தது பொறுமையான வேலை. மேலிருந்து கீழாக, உள்ளிருந்து வெளியே என்பது முறை: ஒட்டடைக்கம்பால் நூலாம்படை எடுத்து, மின்விசிறியும் சன்னல் கம்பிகளும் துடைத்து, அரங்கு எனும் உள்ளறையில் தொடங்கிப் பட்டாசல் வழியாகத் தார்சாவுக்கு வர வேண்டும். தரையில் படிவம் தடித்த இடங்களில் நனைத்த சாக்கை விரித்து ஊறவைத்து, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, சோப்புக் கரைசலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தோம். வெள்ளையடித்த சுண்ணாம்புச் சொட்டுகள் அதிலேயே பெயர்ந்து வந்தன. அடுக்களைச் சுவரில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரில் கரைத்த சலவைச் சோடா போதும். அலுமினியச் சட்டங்களிலும் மெருகிட்ட தேக்கிலும் மட்டும் அது படக்கூடாது. குழாய்களில் ஏறிய உப்புக்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரைமணி நேரம் விட்டுத் துடைத்துக் கழுவினோம். கழிப்பறைப் பீங்கானுக்கு மட்டும் கடையில் விற்கும் கழிப்பறைத் திரவத்தைப் பயன்படுத்தினோம். பீங்கானின் கண்ணாடி மெருகு அமிலத்தைத் தாங்கும். எல்லாம் முடிந்தபின்னும் குளியலறை வாசலில் கறை சற்று மீந்தது. அதற்காகப் பாலிஷ்காரரை வரவழைத்து அந்த இடத்தை மட்டும் கல்லால் தேய்த்துக் கொடுக்கச் சொன்னோம். வீடு காலியாக இருந்தபோதே அது முடிந்தது.

யாரைக் கொண்டு செய்தாலும் மறக்கக்கூடாத ஒன்று: ஆசிட்டோ கழிப்பறைத் திரவமோ பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரைப் போடவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். சன்னல் சிறுத்த குளியலறைக்குள் குனிந்து வேலை செய்பவரின் நுரையீரலை அது நேரடியாகத் தாக்கும். வேலைக்கு வருகிற பெண்களிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது வீட்டுக்காரரின் கடமை.

மொட்டைமாடியிலும் இதே பேச்சு வருகிறது. பழைய வீடுகளின் தட்டட்டியில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த தட்டோடுகள் இருக்கும். உயர் அழுத்த நீர்ப்பீய்ச்சி பாசியை அழகாக எடுக்கும், ஆனால் இளகிய சாந்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். அந்தச் சேதம் ஐப்பசி மழையில்தான் தெரியவரும். அங்கே வாரியலும் கைத்தேய்ப்புமே நல்லது.

செலவைப் பார்த்தால், நாள்கூலியும் தேநீர், சாப்பாடு, பொருள்களும் சேர்ந்து நிறுவனம் சொன்ன தொகையைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அலைச்சலும் நம்முடையது. ஆயினும் தரைக்கு மறுபாலிஷ் போடும் தொகையை எதிர்ப்பக்கத்தில் சேர்த்துக் கணக்கிட்டால் ஒப்பீடு முற்றிலும் மாறிவிடுகிறது. இன்னொரு நன்மை காற்று சார்ந்தது. ஆடிக் காற்று செங்கோட்டைப் பக்கமிருந்து வீசும் மாதத்தில், இன்று துடைத்த சன்னல் நாளைக்கு மண் படிந்திருக்கும். ஒரே நாளில் முடிக்கும் வேலையை எந்த நாளில் வைத்தாலும் மீண்டும் துடைக்க வேண்டிவரும். உள்ளூர் ஆட்களிடம் பெரிய வேலைகளை முன்னதாக முடித்துக்கொண்டு, கடைசித் துடைப்பைப் பால் காய்ச்சுவதற்கு முந்திய நாளுக்கு ஒதுக்கிவைக்க முடிந்தது.

புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளைப் பற்றி இவ்வளவு உறுதியாக நான் பேச முடியாது; நான் பார்த்தது உறவினர் வீடு ஒன்றை மட்டுமே. அங்கே விட்ரிஃபைடு டைல்ஸ், புதுச் சிமெண்ட்த் தூசி, பெயிண்ட் சொட்டு, கண்ணாடியில் ஒட்டிய தாள் இவைதான் அழுக்கு. உப்புக்கறை இன்னும் ஏறவில்லை. நிறுவனத்தார் அந்த வேலையை நேர்த்தியாகச் செய்திருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு அவர்களை அழைப்பதே சரியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அழைப்பதானால் மூன்று செய்திகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கழிப்பறைப் பீங்கான் தவிர வேறெங்கும் ஆசிட் கூடாது, குளியலறை டைல்ஸில் தவிர்க்க முடியாமல் பயன்படுத்தினால், சந்துகளை முதலில் தண்ணீரால் நன்றாக நனைத்து, அமிலத்தை நீர்க்கச் செய்து, உடனே கழுவிவிட வேண்டும், தரை இயந்திரத்தில் தேய்ப்பதற்கு மென்மையான வெள்ளை அட்டையே (பேட்) மாட்ட வேண்டும். பழைய தரைப்பூச்சை உரிக்கப் பயன்படும் கறுப்பு அட்டை மெருகிட்ட தரையில் வட்ட வட்டமாகக் கீறல் போடும்.

எந்த வழியில் போனாலும், கரையான் மண் ஏறிய தடங்களை யாரும் துடைப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிட வேண்டும். நிலைச்சட்டத்தின் அடியிலும் அரங்கின் மூலைகளிலும் உள்ள அந்தத் தடங்களே மருந்து அடிப்பவருக்கு வழிகாட்டி. சுத்தம் செய்தபின் அவர் தேடித் திரிய வேண்டியிருக்கும். கழிவுநீர்த் தொட்டியை நிறைய விடாமல், குடிபோகும் முன்பே உறிஞ்சு லாரி வரவழைத்து எடுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரையும் பறிப்பது.

தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கழுவும் வேலைக்கெல்லாம் அதிலிருந்துதான் தண்ணீர் எடுப்போம். வண்டலை அள்ளி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவியபின் தொட்டியை நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் என்ற அளவில் புதிய பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மணம் வருகிறதா என்று பார்த்து மூடிவிட்டு, ஒரு நாள் அப்படியே விட வேண்டும். மறுநாள் முழுவதையும் வடித்து, நல்ல நீரால் அலசி, பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.